மேசைமேல் யானை: ஒரே போனை வைத்து ஆங்கிலம் பேசவைக்கும் வழி

ஏஆர் என்கிற ஆக்மென்டட் ரியாலிட்டியைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது போனை எடுத்து ஒரு யானையைக் காட்டுவார்கள். திரை வழியே பார்த்தால் அறைக்குள் யானை நிற்கும், துதிக்கையை ஆட்டும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அத்தோடு போன் பைக்குள் போய்விடும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறவள் நான். என்னைக் கேட்டால், யானை வந்து நின்ற பிறகுதான் பாடமே ஆரம்பிக்கிறது. எலிஃபென்ட் என்ற சொல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அந்த யானை எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது, கதவைவிட உயரமா, அதற்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் சொல்லத்தான் எட்டாம் வகுப்பிலும் நாக்கு எழாமல் நிற்கிறார்கள். ஏஆர் கைகொடுப்பது அங்கேதான். அதை எப்படிச் செய்வது என்பதை, என்னைப்போல ஒரே போனோடு வகுப்புக்குப் போகும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளையோடு உட்காரும் பெற்றோருக்கும் எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் பாடநூல்களில் 2018 முதல் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளி வருகிறதே, அது ஏஆர் இல்லை. ரொனால்ட் அசுமா என்ற ஆய்வாளர் 1997-இல் ஏஆருக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். நிஜ இடமும் கணினி உருவமும் கலந்து தெரிய வேண்டும். நாம் அசைந்தால் அந்த நொடியே காட்சியும் அதற்கேற்ப மாற வேண்டும். அந்த உருவம் நிஜ இடத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து நிற்க வேண்டும். மூன்றாவது அடையாளம்தான் மொழி கற்பிப்பவருக்குக் கிடைத்த வரம். புத்தகத்தில் இருக்கும் படத்துக்கு வகுப்பறைக்குள் இடம் கிடையாது. ஏஆர் யானைக்கு உண்டு. அது ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கலாம், மூன்றாவது பெஞ்சுக்கு எதிரே நிற்கலாம். இடம் இருந்தால் அதைப் பற்றிப் பேச வாக்கியம் வேண்டியிருக்கிறது.

போனும் தரையும்

போன் புதிது என்பதால் மட்டும் ஏஆர் ஓடிவிடாது. போன் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று உணர்கிற கைரோஸ்கோப் உள்ளே இருக்க வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அது இருப்பதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் 'கூகுள் பிளே சர்வீசஸ் ஃபார் ஏஆர்' என்று தேடிப் பாருங்கள். நிறுவ முடிந்தால் நல்லது. உங்கள் கருவிக்குப் பொருந்தாது என்று சொன்னால், தரையில் உருவத்தை நிறுத்தும் பாடங்களை அந்தப் போனில் எடுக்க முடியாது. கீழே சொல்லப்போகும் லேபிள் பாடம் அந்தப் போனிலும் ஓடும், மனம் தளர வேண்டாம். ஐபோன் என்றால் 6எஸ் முதல் அதற்குப் பின் வந்தவை போதும். பள்ளிக்கு வந்திருக்கும் டேப்லெட்டையும் இதேபோலச் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது தரை. இதைப் பலர் கவனிப்பதில்லை, கடைசியில் செயலி சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கேமராவில் தெரியும் புள்ளிகள், மூலைகள், கோடுகளைப் போன் அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறது. போன் நகரும்போது அந்த அடையாளங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்று கணக்குப் போட்டுத்தான் தரை எங்கே இருக்கிறது என்று முடிவு செய்கிறது. வழவழவென்ற வெள்ளை டைல்ஸில் அதற்குப் பிடிமானமே கிடைக்காது. ஜன்னல் வெயில் பட்டுப் பளபளக்கும் மொசைக்கிலும் அதே கதிதான். கீறலும் கறையுமாக இருக்கும் பழைய சிமெண்டுத் தரை இதற்கு மிகப் பொருத்தம். டைல்ஸ் வகுப்பறை என்றால் கட்டம்போட்ட பாயையோ பழைய செய்தித்தாளையோ விரியுங்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் சாக்பீஸால் கோலம் போடுகிறார்கள். கோலம் போடுவதையே பாடமாக்கிவிட்டேன். 'புட் ஃபைவ் டாட்ஸ் ஹியர்', 'ஜாயின் த டாட்ஸ்', 'டிரா எ சர்க்கிள் அரவுண்ட் இட்' என்று ஒருத்தி சொல்ல இன்னொருத்தி போடுவாள். போட்டு முடித்ததும் போனை மெதுவாக இடமும் வலமுமாக அசைத்தால் தரை பிடிபட்டுவிடும். போனைப் பிடித்தபடி ஓடக் கூடாது, கேமராவைக் கையால் மறைக்கக் கூடாது. மறைத்தால் உருவம் நழுவிவிடும்.

ஏஆர் ஓடும்போது கேமரா, திரை, உள்கணக்கு எல்லாம் ஒரே நேரத்தில் உழைப்பதால் போன் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். சித்திரை வைகாசி வெயிலில் சொல்லவே வேண்டாம். தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல் இடையில் நிறுத்தி எழுதச் சொல்லுங்கள். போனுக்கும் ஓய்வு, பிள்ளைகளுக்கும் எழுத்துப் பயிற்சி. முப்பரிமாண உருவங்கள் டேட்டாவை நிறைய இழுக்கும் என்பதால் முதல்நாள் வீட்டிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

உருவங்களுக்கு எங்கே போவது? கூகுள் தேடலில் புலி என்று அடித்தால் முப்பரிமாணப் புலி வந்து நிற்கும் வசதி 2019-இல் வந்தது. எல்லாப் போனிலும் வருவதில்லை என்பதால் அதை நம்பி ஒரு பருவத்துக்கான பாடத்தைத் திட்டமிடாதீர்கள். நான் அதிகம் பயன்படுத்துவது அசெம்ப்ளர் எடு என்ற இந்தோனேசியச் செயலி. விலங்கு, மரம், வீடு, வண்டி என்று ஆயத்தமாக இருக்கும் உருவங்களை எடுத்து நமக்கு வேண்டிய காட்சியாக அடுக்கிக்கொள்ளலாம். கட்டணம் இல்லாத கணக்கில் சில கட்டுப்பாடுகள் உண்டு, பள்ளித் தேவைக்கு அது தாராளம். முதல் பாடத்துக்கு ஒரே ஓர் உருவம் போதும். பத்து உருவங்களைக் கொட்டினால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பார்ப்பது ஒருவர், கேட்பது எல்லாரும்

"போனை ஸ்மார்ட் போர்டில் இணைத்துவிட்டால் எல்லாருக்கும் தெரியுமே டீச்சர்" என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. இணைக்காதீர்கள், முதல் அரைமணி நேரத்துக்காவது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் பேச்சு பிறக்கும். ஆங்கிலம் கற்பிப்பவர்கள் 'இன்ஃபர்மேஷன் கேப்' என்று வெகுகாலமாகச் சொல்லிவருவது இதைத்தான். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே போன் என்ற குறையே இங்கே வசதியாகிவிடுகிறது.

செய்முறை இது. ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் வகுப்பறையை மேலிருந்து பார்த்ததுபோல ஒரு கட்டமாக வரைந்து, கரும்பலகை, கதவு, ஜன்னல், மேசை, பெஞ்சு வரிசைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவரை முன்னால் அழைத்துப் போனைக் கொடுங்கள். அவர் எங்காவது ஒரு விலங்கை நிறுத்துவார். அது என்ன, எங்கே, எப்படி என்று அவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டுத் தங்கள் வரைபடத்தில் அதைச் சரியான இடத்தில் வரைய வேண்டும். 'இஸ் இட் நியர் த டோர்?' 'இஸ் இட் பிக்கர் தேன் த டேபிள்?' 'வாட் இஸ் இட் டூயிங்?' 'இஸ் இட் ஃபேஸிங் தி பிளாக்போர்டு?' இந்தக் கேள்விகளின் எலும்புக்கூட்டைப் பலகையில் எழுதிப்போட்டுவிடுங்கள். சொல்லை மட்டும் மாற்றிக் கேட்டால் போதும் என்றிருந்தால் பின்பெஞ்சுப் பிள்ளையும் வாய் திறப்பான்.

பதில் சொல்பவருக்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள். 'யெஸ்', 'நோ' என்று மட்டும் சொன்னால் செல்லாது. 'நோ, இட் இஸ் நாட் நியர் த டோர். இட் இஸ் நியர் த விண்டோ' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் 'இஸ்' உள்ளே நுழைகிறது. நம் பிள்ளைகள் 'இட் பிக்', 'இட் ஸ்லீப்பிங்' என்று சொல்வது சோம்பலால் இல்லை. 'அது பெரியது' என்ற தமிழ் வாக்கியத்தில் 'இஸ்'ஸுக்கு வேலையே கிடையாது, அதனால் விட்டுவிடுகிறார்கள். திருத்தித் திருத்திச் சொல்வதைவிட, கேட்பதற்கு முப்பது பேர் காத்திருக்கும்போது பத்துமுறை அந்த வாக்கியத்தைச் சொல்லவைப்பது வேகமாகப் பதிகிறது.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள், குரலே வெளியே வராது. போன் அவள் கைக்குப் போனது. பூனையை எங்கேயோ நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "வாட் இஸ் இட் டூயிங்?" என்று நான் கேட்டேன். "இட் இஸ் ஸ்லீப்பிங், டீச்சர்." கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "வேர்? வேர்?" என்று எழுந்து நின்றான். "அண்டர் யுவர் பெஞ்ச்!" என்றாள் அவள். அவன் குனிந்து பார்த்தான், வகுப்பே குனிந்து பார்த்தது. இல்லாத பூனையைத் தேடி முப்பது பேர் பெஞ்சுக்கு அடியில் பார்க்கும்போது 'அண்டர்' என்ற சொல்லுக்கு நான் தனியாக அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடுவில் தமிழ் வந்தால் அதட்டாதீர்கள். "மிஸ், பிடரிக்கு என்ன?" என்று கேட்பதும் பாடம்தான். மேன், டிரங்க், ஹார்ன், ஹூஃப், டெயில் என்று அந்த விலங்குக்குத் தேவையான நாலைந்து சொற்களை முன்கூட்டியே பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தால் பேச்சு தடைபடாது. எல்லாரும் வரைந்து முடித்த பிறகு போனைக் குழுகுழுவாக அனுப்புங்கள். தன் வரைபடத்தையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே தவறியது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். ஸ்மார்ட் போர்டில் இணைக்க வேண்டுமென்றால் அதற்கான நேரம் இதுதான்.

இன்னொரு விளையாட்டு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் சொன்ன முறை ஒன்று உண்டு. கட்டளையைக் காதில் வாங்கி உடம்பை அசைக்கும்போது மொழி ஆழமாகப் பதியும் என்பது அதன் அடிப்படை. வகுப்பு நடுவில் ஒரு சிங்கத்தை நிறுத்துங்கள். போன் வைத்திருப்பவருக்குச் சிங்கம் தெரியும், நடப்பவருக்குத் தெரியாது. சிங்கத்தின்மேல் மோதாமல் கதவிலிருந்து மேசைவரை கூட்டிவர வேண்டும். 'டேக் டூ ஸ்டெப்ஸ் ஃபார்வர்டு. ஸ்டாப்! டர்ன் லெஃப்ட். நோ, எ லிட்டில் மோர்.' ஒருவர் மோதினால் அடுத்த இணைக்கு வாய்ப்பு. லெஃப்ட், ரைட் குழப்பம் இரண்டு வகுப்புகளில் தீர்ந்துவிடுகிறது.

ஆன், அபவ், பிஹைண்ட்

புத்தகத்தில் மேசைமேல் பந்து, மேசைக்கு அடியில் பந்து என்று படம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே 'ஆன்' எது, 'அண்டர்' எது என்று கற்றுவிடலாம், ஏஆர் தேவையில்லை. சிக்கல் 'ஆன்', 'அபவ்' வேறுபாட்டில் வருகிறது. கிளி மேசைமேல் உட்கார்ந்தாலும் மேசைக்கு மேலே பறந்தாலும் நமக்கு 'மேல்'தான். வகுப்பில் எந்தப் பொருளையும் அந்தரத்தில் நிறுத்திக் காட்ட முடியாது. ஏஆரில் முடியும். பல செயலிகளில் உருவத்தை விரலால் மேலே தூக்கி நிறுத்தலாம். கிளியை மேசையில் வைத்து 'ஆன் த டேபிள்', ஒரு சாண் உயரத்தில் தூக்கி 'அபவ் த டேபிள்', மறுபடி இறக்கி 'ஆன்'. பிள்ளைகள் கையை மேசைக்கும் கிளிக்கும் நடுவில் நுழைத்துப் பார்ப்பார்கள். கை நுழைந்தால் 'அபவ்'.

'பிஹைண்ட்' பாடத்தில் எச்சரிக்கை வேண்டும். தூரத்தை அளந்து உணரும் திறன் இல்லாத போன்களில், நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திய நாய் திரையில் நாற்காலிக்கு முன்னால் ஒட்டிவைத்ததுபோலத் தெரியும். பிள்ளை குழம்பிவிடுவாள். அதற்கு வழி, மறைவில் நிறுத்தாமல் திறந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளைச் சுற்றி நடக்கவிடுவது. 'ஸ்டாண்ட் பிஹைண்ட் த டாக்', 'ஸ்டாண்ட் இன் ஃப்ரண்ட் ஆஃப் த டாக்'. நாய்க்கு முகம் இருப்பதால் முன்னும் பின்னும் நாயைப் பொறுத்தே அமையும். 'இன் ஃப்ரண்ட் ஆஃப் மீ' என்பதும் 'இன் ஃப்ரண்ட் ஆஃப் த டாக்' என்பதும் வேறு வேறு இடங்கள் என்று கால்களே சொல்லிக்கொடுத்துவிடும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாலர், ஷார்ட்டர், லாங்கர் என்று ஒப்பிடும் சொற்களுக்கு, உருவத்தை உண்மை அளவில் நிறுத்தினால்தான் பொருள் உண்டு. வளர்ந்த ஆண் யானை தோள்பட்டை உயரமே ஏறத்தாழ 3 மீட்டர். வகுப்பறைக் கதவு 2 மீட்டரைச் சற்றுத் தாண்டும். 'த எலிஃபென்ட் இஸ் டாலர் தேன் த டோர். இட் கேனாட் கம் இன்.' நீலத் திமிங்கலம் 30 மீட்டர்வரை வளரும். அதை மைதானத்தில் கொடிக்கம்பத்திலிருந்து தொடங்கி நிறுத்தினால், தலையிலிருந்து வால்வரை நடந்து அடி எண்ணலாம். இதைக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், வெயிலில் திரை தெரியாது. இரண்டு விரலால் உருவத்தைச் சுருக்கி விரிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும், அதைமட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். ஐபோன் இருப்பவர்களுக்கு 'மெஷர்' என்ற செயலி கூடவே வருகிறது. மேசை, ஜன்னல், நண்பனின் உயரம் எல்லாவற்றையும் கேமராவாலேயே அளந்து 'ஹவ் லாங்', 'ஹவ் வைடு' என்று கேட்டுப் பழகலாம்.

லேபிள்: எனக்கு மிக முக்கியமான பாடம்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளில் ஆங்கிலம் இல்லை என்று சொல்வது சரியில்லை. ஷாம்பு பாக்கெட்டில், மாத்திரை அட்டையில், உர மூட்டையில், பூச்சிமருந்து டப்பாவில் ஆங்கிலம் நிறைந்து கிடக்கிறது. யாரும் அதை வாசிப்பதில்லை, அவ்வளவுதான். கூகுள் லென்ஸையோ கூகுள் டிரான்ஸ்லேட் கேமராவையோ அதன்மேல் காட்டினால், ஆங்கில எழுத்து இருந்த இடத்திலேயே தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விலை குறைந்த போனிலும் இது ஓடும். டிரான்ஸ்லேட் செயலியில் ஆங்கிலம், தமிழ் இரண்டையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எடுத்தவுடன் தமிழைக் காட்டினால் பிள்ளை ஆங்கிலத்தைப் பார்க்கவே மாட்டாள். வரிசை முக்கியம். முதலில் போன் இல்லாமல் லேபிளை வாசிக்க வேண்டும், தெரிந்த சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட வேண்டும். அடுத்து, என்ன சொல்கிறது என்று ஊகித்துத் தமிழில் எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் கேமரா. ஊகமும் திரையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். ஒத்துப்போகாத இடத்தில் யார் சரி என்று விவாதிக்க வேண்டும், ஏனென்றால் போனின் தமிழும் பல இடங்களில் தடுமாறும். கடைசியாக லென்ஸில் அந்த ஆங்கில வரியைத் தொட்டு, 'லிசன்' என்பதை அழுத்தி உச்சரிப்பைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

லேபிள் ஆங்கிலத்தின் அழகு என்னவென்றால், அதில் பெரும்பாலும் கட்டளை வாக்கியங்கள்தான். 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்.' 'ஸ்டோர் இன் எ கூல், டிரை பிளேஸ்.' 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்.' வினைச்சொல்லில் தொடங்கும் இந்த வாக்கிய அமைப்பு பத்து லேபிள்களுக்குள் பிடிபட்டுவிடும். பிறகு பிள்ளைகளே தங்கள் பொருளுக்கு லேபிள் எழுதுவார்கள். முருங்கைக்காய்க் கட்டுக்கு எங்கள் எட்டாம் வகுப்பு எழுதியது: 'வாஷ் வெல். கட் இன்டு பீசஸ். டூ நாட் ஓவர்குக்.'

பூச்சிமருந்து லேபிளை வேண்டுமென்றே பாடமாக வைக்கிறேன். இங்கே பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் தோட்ட வேலை செய்கிறார்கள், மருந்தடிக்கிறார்கள். டப்பாவை ஒருபோதும் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது, காலி டப்பாவும் ஆகாது. கடையில் நானே லேபிளைப் படமெடுத்து வந்து, படத்தின்மேல் லென்ஸை ஓட்டுகிறேன். இந்தியாவில் விற்கும் பூச்சிமருந்து டப்பாக்களில் நச்சின் கடுமையைக் காட்ட வண்ண அடையாளம் உண்டு. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் ஆபத்தில்லை என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். அதுவும் நஞ்சுதான், கடுமை குறைவு. 'பாய்சன்', 'டேஞ்சர்', 'காஷன்', 'ஆன்டிடோட்' (நஞ்சை முறிக்கும் மருந்து) ஆகிய நான்கு சொற்களும் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பு எப்படி வந்தாலும், அதை மட்டும் நம்பி மருந்தின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். மாத்திரைக்கும் அதே விதிதான்: அளவை டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்கும் வீட்டுக்கும்

கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் சிங்கம் யானை வைத்துப் பழக வேண்டியதில்லை. கூகுள் மேப்ஸில் நடைவழிக்கு 'லைவ் வியூ' இருக்கிறது. கேமராவில் தெரியும் தெருவின்மேலேயே அம்புக்குறி வந்து விழும். போனின் மொழியை ஆங்கிலத்தில் வைத்து, வருகிற வழிகாட்டலைத் தோழிக்கு வாயால் சொல்லிக் கூட்டிப்போங்கள். நின்று பார்த்துவிட்டுப் பிறகு நடக்க வேண்டும். வண்டிகள் ஓடும் சாலையில் திரையைப் பார்த்தபடி நடப்பது உயிரோடு விளையாடுவது. பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

படம் விவரிக்கும் பயிற்சிக்குக் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் செயலியைச் சொல்வேன். அதில் உள்ள 'பாக்கெட் கேலரி' உங்கள் அறைக்குள் ஓர் ஓவியக் கூடத்தையே திறக்கும். 2018-இல் டச்சு ஓவியர் வெர்மீரின் 36 ஓவியங்களையும் இப்படி ஒரே கூடத்தில் தொங்கவிட்டார்கள். அவருடைய பால்காரப் பெண் ஓவியத்தின் முன்னால் நின்று, 'ஷி இஸ் போரிங் மில்க். ஷி இஸ் வேரிங் எ புளூ ஏப்ரன். தேர் இஸ் பிரெட் ஆன் த டேபிள்' என்று சொல்லிக்கொண்டே போகலாம். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் தங்கள் குரலைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

சின்னப் பிள்ளைகளுக்கு 'குவிவர்' செயலியின் வண்ணத்தாள்கள் ஏற்றவை. அச்செடுத்த தாளில் வண்ணம் தீட்டிக் கேமராவில் காட்டினால், பிள்ளை தீட்டிய அதே நிறத்தில் உருவம் எழுந்து நிற்கும். வண்ணம் தீட்டும் நேரம்தான் மொழிக்கான நேரம். 'விச் கலர்?' 'வை ரெட்?' என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஆங்கிலம் தெரியாத அம்மா அப்பாவும் இதைச் செய்யலாம், தயங்காதீர்கள். போனை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்கட்டும், கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் தமிழில் பதில் சொன்னால் அதை ஆங்கிலமாக்குவது அவள் வேலை. போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டால் பத்தாவது நிமிடம் அவள் வேறு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள். உடன் உட்காருங்கள், பதினைந்து நிமிடம் போதும்.

கவனிக்க வேண்டியவை

ஏஆர் செயலிக்குக் கேமரா அனுமதி தேவை. தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் ஏன் என்று யோசியுங்கள். பிள்ளைகள் பெயரில் கணக்குத் திறக்க வேண்டாம், ஆசிரியர் கணக்கு ஒன்றே போதும். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. வகுப்பில் விளையாடும்போது எடுத்த வீடியோவைப் பிள்ளைகளின் முகத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

செயலிகள் நிலையானவை அல்ல. தூர இடங்களை வகுப்பிலிருந்தே சுற்றிக்காட்டுவதற்குப் பள்ளிகள் விரும்பிப் பயன்படுத்திய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021 ஜூனோடு நிறுத்தப்பட்டது. இன்ஸ்டாகிராமில் வெளியார் செய்த ஏஆர் ஃபில்டர்கள் 2025 ஜனவரியில் போயின. அதனால் நான் பாடக்குறிப்பில் செயலியின் பெயரை எழுதுவதில்லை. 'ஒருவருக்கு மட்டும் தெரியும் ஒரு விலங்கு. மற்றவர்கள் கேட்டு வரைய வேண்டும். பயிற்சி: இஸ் இட் வகைக் கேள்விகள்' என்றுதான் எழுதுகிறேன். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, போன் சூடாகி நின்றுவிட்டது என்றால் ஒரு விலங்கின் படத்தையும், அது நிற்கும் இடத்தையும் துண்டுத்தாளில் எழுதி மடித்து ஒரு பிள்ளையிடம் கொடுத்தால் அதே பாடம் அப்படியே ஓடும். அசைவு இருக்காது, சுற்றிவந்து பார்க்க முடியாது, ஆனால் கேள்விகள் அதேதான்.

பிள்ளைகள் உண்மையில் கற்றார்களா என்று அன்றைக்கே சோதிக்காதீர்கள். புதுப் பொருளைப் பார்த்த உற்சாகத்தில் எல்லாருமே நன்றாகப் பேசுவார்கள். மறுநாள், போன் இல்லாமல், நேற்று வரைந்த வரைபடத்தை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். வேர் வாஸ் த கேட்? வாட் வாஸ் இட் டூயிங்? நேற்று 'இஸ்' என்று சொன்னது இன்று 'வாஸ்' ஆக வேண்டும், அது அடுத்த இலக்கணப் பாடத்துக்கு வழியும் திறந்துவிடும். நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி தானாக எழுதிய பிள்ளைக்கு அடுத்த முறை போனை முதலில் கொடுக்காதீர்கள். எழுத முடியாமல் உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுங்கள்.